நின்றுபோன எண்

உருக்காலையின் புகைபோக்கியில் ஒரு மீட்டர் இருந்தது. புகையில் எவ்வளவு நஞ்சு என்று அளந்து, உடனுக்குடன் இணையத்தில் ஏற்றிவிடும். ஊர்க்காரர்கள் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் ஜன்னலைத் திறக்கலாம், சிவப்பு என்றால் சாத்திக்கொள்ள வேண்டும். அதே எண்ணை வங்கியும் பார்த்துக்கொண்டிருந்தது. எண் குறைவாக இருந்தால் ஆலைக்குக் கடனும் தாராளம், வட்டியும் குறைவு. சுத்தமாக இருப்பவனுக்குச் சலுகை, நல்ல ஏற்பாடுதானே! அந்தச் சலுகையை வாங்கி ஆலை என்ன செய்தது தெரியுமா? இரண்டாவது உலையைக் கட்டியது. பிறகு மூன்றாவது. புகையை வடிகட்டும் இயந்திரம் மட்டும் அதே பழைய ஒன்றுதான்.

அந்த மீட்டரைப் பராமரிப்பவனை எல்லோரும் மீட்டர்க்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆலைக் குடியிருப்பில் அவனுக்கு ஒரு வீடு. முன்னறையில் ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பாள் அவன் மனைவி. வாய் ஓயாதவள். மூச்சுதான் அவளைப் படுத்தும். புகை கொஞ்சம் கூடினாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவன் இந்த வேலைக்கு வந்ததே அவளுக்காகத்தான்.

"மத்தவ புருஷனெல்லாம் நகை வாங்கித் தர்றான். என் வீட்டுக்காரர் எனக்குக் காத்து வாங்கித் தர்றார்" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பச்சை வந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு ஜன்னலைத் திறக்கச் சொல்லுவாள்.

மூன்றாவது உலை ஓடத் தொடங்கியதும் எண் ஏறியது. மேலாளர் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"மீட்டரைச் சரிபாக்கும்போது திரையில என்னப்பா தெரியும்?"

"கடைசியா வந்த எண்ணே நிக்கும் சார். நான் வேலையை முடிச்சு விட்டாத்தான் மறுபடி ஓடும்."

"அப்ப இனிமே தினமும் சாயங்காலம் சரிபார்த்துடு. பச்சையில இருக்கும்போது ஆரம்பி. அந்த நேரத்துல நாங்க வடிகட்டியை நிறுத்திட்டு, அதுல தேங்கின தூசியைப் புகைபோக்கி வழியா ஊதி விட்டுடுறோம். நாலாவது உலைக்குக் கடன் வர்ற வரைக்கும்தான்."

மாட்டேன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வேலை போனால் வீடு போகும், அவள் மருந்துக்கு ஆலை தருகிற காப்பீடும் போகும். தலையை ஆட்டிவிட்டு வந்தான். அட, தலையாட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்!

தன் வீட்டை மட்டுமாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தான், பெரிய கெட்டிக்காரன்.

"சாயங்காலத்துல ஜன்னலைத் திறக்காத. கொசு வருது."

"கொசுவுக்குத்தான் வலை போட்டிருக்கே! பச்சை காட்டும்போது அடைஞ்சு கிடக்க எனக்கென்ன பைத்தியமா? நீங்க வச்ச மீட்டரை நானே நம்பலைன்னா யாருங்க நம்புவா?"

ஒரு சாயங்காலம் மீட்டரை நிறுத்திவிட்டுப் புகைபோக்கியின் மேலே நின்றிருந்தான். பழுப்பாகப் புகை கிளம்பியது. காற்று திரும்பி, அது நேரே குடியிருப்புப் பக்கம் இறங்கியது. அவளுக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. மறுபடி போட்டான். அப்புறம் போட்டது போட்டபடி ஏணியில் இறங்கி ஓடினான். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. ஊசியில் மாட்டிய துணியின்மேல் அவள் கவிழ்ந்து கிடந்தாள். பக்கத்தில் கைபேசி பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தன் கைபேசியைப் பார்த்துவிட்டு, "காத்துல ஒண்ணும் இல்லையே, நோய்தான் முத்திடுச்சு போல" என்றார்.

மறுநாள் மதியம்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. ஆக்சிஜன் முகமூடியைச் சற்று விலக்கினாள்.

"மூஞ்சியைத் தொங்கப்போடாதீங்க. உங்க மீட்டர் மேல ஒரு குறையும் இல்ல. பச்சையிலயே எனக்கு மூச்சு வரலைன்னா என் நெஞ்சு கெட்டுப்போச்சுன்னுதான் அர்த்தம். இனி எந்தக் காத்து வந்து என்னைக் காப்பாத்தப் போகுது?"

அவள் உயிர்மேல் வைத்திருந்த ஆசையையே விட்டுவிட்டுப் பேசுகிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. அடக்கமாட்டாமல் அழுதான். மேலாளர் கேட்டது, தான் தலையாட்டியது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் கைபேசியைக் கைகாட்டினாள்.

"நேத்துலேர்ந்து நீங்க இங்கதானே இருக்கீங்க? இப்ப அது என்ன காட்டுது?"

மீட்டரை நிறுத்தியவன் திரும்ப ஓடவிடாமலே வந்துவிட்டான். கைபேசியைத் திறந்து பார்த்தான். நேற்றுச் சாயங்காலத்து எண் அப்படியே நின்றது. ஆலையில் யார் அதைச் சொல்லப்போகிறார்கள்? மகராசர்கள், இரவு முழுக்க ஊதித் தள்ளியிருப்பார்கள்.

"பக்கத்து வீட்டுக்குப் போன் போடுங்க" என்றாள். போட்டான்.

"அண்ணா, அக்கா எப்படி இருக்காங்க?"

"ஜன்னலைச் சாத்தும்மா. முதல்ல சாத்து."

"ஏண்ணா? பச்சையாத்தானே இருக்கு. ராத்திரியெல்லாம் பச்சைதான். பாப்பா வேற இருமிக்கிட்டே இருந்தா, நல்ல காத்து படட்டும்னு ஜன்னல்கிட்டதான் படுக்க வச்சிருக்கேன்."

அவன் மனைவிக்கும் அது கேட்டது. முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அந்தப் பச்சை பொய்யிம்மா. நான்தான் அதை அப்படி நிக்கவச்சேன்" என்றான் அவன்.

போனில் ஜன்னல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அப்புறம் குழந்தை இருமியது.