சட்டைப் பையில் ஒலித்த ஹாரன்

ராணியம்மாள் ஃபோனை முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்தாள். பிறகு பாடையில் கிடத்தியிருந்த செல்லமுத்துவின் சட்டைப் பையில் அதை வைத்துப் பட்டனைப் போட முயன்றாள். கோடிச் சட்டை. பட்டன் ஓட்டை இன்னும் இளகவில்லை. விரல் நழுவியது. யாரும் உதவிக்குப் போகவில்லை. அது அவள் ஒருத்தி செய்ய வேண்டிய வேலை என்பதுபோல் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உசுரே அதுலதான் கெடந்துது மனுசனுக்கு. அதுவும் கூடவே போவட்டும்," என்றாள் எதிர்வீட்டு ஆண்டாள்.

சீப்பு, சிவப்புத் துண்டு, ஒரு பீடிக்கட்டு, இப்போது ஃபோன். இறந்தவர் ஆசையாக வைத்திருந்ததைக் குழியில் கூட வைப்பது அந்தத் தெருவின் வழக்கம். வைத்ததைத் திரும்ப எடுப்பது வழக்கமில்லை.

இலக்கியா அப்பாவின் தலைமாட்டில் நின்றிருந்தாள். "வேணாம்மா" என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குள்ளே ஒரு லாரி இருக்கிறது என்று, மாரடித்து அழும் பெண்களுக்கு நடுவே எப்படிச் சொல்வது? இந்த நேரத்தில் தனக்கு அந்த நினைப்பு வந்ததே தப்போ என்றும் தோன்றியது. அதற்குள் பட்டன் ஓட்டைக்குள் போய்விட்டது.

பறை எழுந்தது. தூக்கிவிட்டார்கள்.

மகன் இடத்தில் நின்று சித்தப்பா ராஜாங்கம் சட்டியை ஏந்தி முன்னால் நடந்தார். பாடையின் ஓரமாக, வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்த பெரியண்ணன் என்பவர் நடந்தார். மலையில் விளைந்த மரவள்ளிக் கிழங்கை வருஷக்கணக்காக அப்பாவின் லாரியில் ஏற்றி அனுப்பியவர். பாடை சாயும்போதெல்லாம் கையை நீட்டினார்.

பெண்கள் பால் சொசைட்டி முக்குவரைதான் போகலாம். அங்கே நின்றுவிட்டார்கள். ஆண்கள் கிழங்குத் தோட்டத்துக்கு நடுவே போகும் மண்பாதையில் இறங்கினார்கள். கல்வராயன் மலை அன்று தெளிவாகத் தெரிந்தது.

இலக்கியாவின் ஃபோன் அதிர்ந்தது. தம்பி.

"அக்கா."

"சொல்றா."

"கெளம்பிட்டாங்களா?"

"இப்பதான். முக்குல நிக்கிறோம்."

அஜித்குமார் குவைத்தில் ட்ரெய்லர் ஓட்டுகிறான். லீவு கொடுத்துவிட்டார்கள். டிக்கெட்தான் நாளை ராத்திரிக்கு முன்னால் இல்லை. அதுவரை ஐஸ் பெட்டியில் வைக்கலாமே என்று இலக்கியா கேட்டுப் பார்த்தாள். சர்க்கரை உடம்பு, கால் எடுத்த உடம்பு, வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வாய்க்கரிசி போடும்போது வீடியோவில் காட்டினாள். அவன் திரையைத் திருப்பிக்கொண்டான். அறையின் கூரைதான் தெரிந்தது.

"அக்கா, அப்பா ஐடிக்கு பாஸ்வேர்டு இன்னா?"

"எதுக்குடா?"

"வெள்ளிக்கெழம ரெண்டு பேரும் ஒரு லோடு எடுத்தோம். பாதி வழியில, 'கண்ணு அசத்துதுடா, ஓரங்கட்டிட்டுப் படுக்கிறேன், மீதிய காலையில பாத்துக்கலாம்'னாரு. வண்டி அங்கயே நிக்கிது." நிறுத்தினான். "நான் வாய்க்கரிசி போடல. தோள் குடுக்கல. ஒண்ணும் பண்ணல. அந்த வண்டியில ஏறி கொஞ்ச நேரம் உக்காரணும்க்கா. கேக்கவே அசிங்கமாத்தான் கீது."

இலக்கியாவுக்கு அசிங்கமாக இல்லை. இவ்வளவு நேரம் தனக்கு மட்டும்தான் அந்த நினைப்பு என்று இருந்தாள்.

கால் எடுத்த பிறகு அப்பா ஒரு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். லாரியை விற்ற அன்று அதன் ஹாரனை மட்டும் ஃபோனில் பதிந்து வைத்துக்கொண்டார். அடுத்த விடுமுறைக்கு வந்த அஜித் பழைய லேப்டாப் ஒன்றையும், காலால் மிதிக்க வேண்டியதைக் கையாலேயே அழுத்தும்படி ஒரு ஸ்டியரிங்கையும் வாங்கி வந்து மேஜையில் பொருத்தினான். லாரி ஓட்டும் விளையாட்டு. திரும்பிப் போன பிறகு, குவைத்துக் கடையில் அதற்கான கார்டை வாங்கி, சுரண்டி, அதில் இருந்த கீயை வீடியோ காலில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். இலக்கியா தட்டினாள். அப்பா நடுவில் புகுந்துகொண்டார்.

"எந்த பி-டா? பிரேக்கு பி-யா?"

"ஆமாப்பா. பிரேக்கு பி. அடுத்தது டீசலு டி."

"கியரு ஜி வந்துச்சே, அத போட்டியா பாப்பா?"

ஓ எழுத்தா, சைபரா என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டதில், ரொம்பத் தடவை தப்பாகிவிட்டது, ஒரு மணி நேரம் கழித்து வா என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. "செக்போஸ்ட்டுல ஓரங்கட்டச் சொல்லிட்டான்," என்றார் அப்பா. அந்த நேரம் முழுக்க ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அஜித்துக்கு லீவு. அங்கிருந்தே அவனும் அதே விளையாட்டுக்குள் வந்துவிடுவான். இவர் முன்னால், அவன் பின்னால், காதில் ஹெட்செட்டோடு பேசிக்கொண்டே ஓட்டுவார்கள். ஊரில் இருந்தவரை அப்பாவும் மகனும் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. "இன்னா ரோடு இது, நம்ம வெள்ளிமல வளைவுல பாதிகூட இல்ல," என்று விளையாட்டில் வரும் ஐரோப்பாவைக் குறை சொல்வார்.

ஒருமுறை ஓசியில் வண்டிக்குப் பெயிண்ட் தருவதாக யாரோ அனுப்பிய லிங்க்கைத் தொட்டுவிட்டார். உடனே கணக்கு களவு போனது. கம்பெனிக்கு எழுதினால், முதலில் போட்ட கீயின் கார்டைப் படம் எடுத்து அனுப்பு என்றார்கள். நல்லவேளையாக அஜித் அப்போது அதைத் தூக்கிப் போட்டிருக்கவில்லை. மீட்கும்வரை அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. "சாவிய நானே குடுத்துட்டேனே பாப்பா," என்றார். இலக்கியா கள்ளக்குறிச்சியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை செய்கிறாள். பாஸ்வேர்டைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்களை தினமும் பார்க்கிறவள். இனி இப்படி ஆகக்கூடாது என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டினாள். நீளமான பாஸ்வேர்டு. அப்பா ஃபோனுக்கு மட்டும் மெசேஜில் வரும் கோடு நம்பர். அதுவும் கைவிட்டால் திறப்பதற்கான மாற்றுக் கோடு. அதைப் படம் பிடித்துப் பத்திரமாக வைத்தாள், அதே ஃபோனில்.

அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அம்மா பட்டனோடு மல்லுக்கட்டியபோதுதான் அவளுக்கு உறைத்தது. கார்டும் இப்போது இல்லை. சிம் அப்பா பெயரில். வேறு சிம் வாங்க வேண்டுமென்றால் அவருடைய விரலைக் கேட்பார்கள்.

"பாஸ்வேர்டு இருந்தா மட்டும் ஆவாதுடா," என்றாள். "கோடு அப்பா ஃபோனுக்குத்தான் வரும்."

"ஃபோன எடுத்துப் பாரேன்."

"ஃபோன் அப்பாகிட்ட கீது."

"அப்பாகிட்டன்னா?"

"பாக்கெட்டுல. அம்மா வச்சிட்டாங்க."



"சரி வுடு," என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவன் அழுதிருந்தால் அவள் அப்படியே நின்றிருப்பாள். அந்தச் "சரி வுடு"தான் அவளை அம்மாவிடம் நடத்தியது. ராணியம்மாள் பால் சொசைட்டிப் படியில் கலைந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். இலக்கியா அவள் முன்னால் குந்தினாள்.

"அம்மா. அப்பா ஃபோனு..."

"அதான் வச்சாச்சே."

"ஃபோன் வேணாம்மா. அதுக்கு ஒரு நம்பர் வரும். அது மட்டும் தெரியணும். குழிக்குள்ள போயிட்டா அப்புறம் எப்பவும் வராது."

ஆண்டாள் திரும்பினாள். "இன்னா பொண்ணுடி நீ? பொணம் போய்க்கினு கீது, இப்பப் போயி நம்பரு கிம்பருன்ற. பேங்க்கு விசயமா?"

"இல்லத்த."

"பின்ன?"

"லாரி."

"எந்த லாரி? அந்தக் கம்ப்யூட்டர்ல ஓடுமே, அதா?" ஆண்டாள் வாயில் கையை வைத்தாள். "அய்யய்ய!"

இலக்கியாவின் முகம் சூடாகியது. எழுந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனாலும் சொன்னாள்: "தம்பி கேக்கிறாம்மா."

ராணியம்மாள் முதல் முறையாக நிமிர்ந்தாள்.

"அழுவுறானா?"

"இல்ல."

"அழுவ மாட்டான். அவங்கப்பன் மாதிரி." மண்பாதையைப் பார்த்தாள். பாடை சிறிதாகிக்கொண்டிருந்தது. "வச்சத எடுக்கக் கூடாது. எடுத்துப் பாத்துட்டு அங்கயே வச்சிடச் சொல்லு. பட்டனையும் போடச் சொல்லு."

இலக்கியா தன் ஃபோனில் அப்பாவின் கணக்குக்கு பாஸ்வேர்டைப் போட்டு, இனிமேல் கோடு இந்த ஃபோனுக்கே வரட்டும் என்பதைத் தொட்டாள். பழைய எண்ணுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. சித்தப்பாவிடம் ஃபோன் இல்லை, ஈர வேட்டி. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். பறைச் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. பாதையில் இறங்கி ஓட அவளுக்குத் தைரியம் வரவில்லை. பெண்கள் யாரும் அதில் இறங்கி அவள் பார்த்ததில்லை. கடைசியில் "அப்பா" என்றிருந்த பெயரையே தொட்டாள்.

பாடையிலிருந்து ஹாரன் அடித்தது.

அசல் லாரி ஹாரன். கிழங்குத் தோட்டம் முழுக்கக் கேட்டது. பறை நின்றது. தூக்கியவர்கள் நின்றார்கள். மறுபடியும் அடித்தது. ராணியம்மாள் சட்டென்று படியிலிருந்து எழுந்து, தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு, வீட்டுப் பக்கம் இரண்டடி எடுத்து வைத்தாள். அந்த ஹாரன் முக்கில் கேட்டால் உலை வைப்பது அவள் வழக்கம். பிறகு நின்றாள். யாரையும் பார்க்காமல் திரும்பி வந்து அதே படியில் உட்கார்ந்தாள்.

"யாரு?" பெரியண்ணனின் குரல். அவர்தான் பையில் கையை விட்டிருந்தார்.

"மாமா, நான் இலக்கியா."

"பாப்பா, பயந்துட்டம்மா. இன்னா சாமி?"

பின்னால் சித்தப்பா கத்தினார்: "எவன்யா அது, பாக்கெட்டுல கைய வுட்டது? எடுக்கக் கூடாதுய்யா!"

"அம்மா சொன்னாங்கன்னு சொல்லுங்க மாமா. ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல இருக்கிற நம்பரை மட்டும் படிங்க."

"கண்ணாடி எடுத்தாரலியே."

"எழுத்து பெருசா இருக்கும் மாமா. அப்பாவுக்காக வச்சது."

"ஆமா... பெருசாத்தான் இருக்குது."

"தோள் கழண்டுரும் போல கீதுங்க, சீக்கிரம் படிங்க," என்றான் தூக்கியவர்களில் ஒருவன். "உயிரோட இருந்தப்பவே தொண்ணூறு கிலோ மனுசன்." யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. சித்தப்பாதானோ என்று இருந்தது.

பெரியண்ணன் ஒவ்வொன்றாகப் படித்தார். இலக்கியா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். சரியா என்று இன்னொரு முறை கேட்டாள். அவர் பொறுமையாக மறுபடியும் படித்தார்.

"வச்சிடட்டுமா பாப்பா?"

"வச்சிடுங்க. பட்டனு..."

"போட்டுடறேன்."

பறை மறுபடி எழுந்தது. அவள் எண்ணைத் தட்டினாள். ஏற்றுக்கொண்டது. தம்பிக்கு பாஸ்வேர்டை அனுப்பி, "இப்ப போ" என்று எழுதினாள். சற்று நேரத்தில் திரையில் ஒரு கேள்வி வந்தது. குவைத்திலிருந்து ஒருவர் உள்ளே வருகிறார், இது நீங்கள்தானா?

செல்லமுத்து என்ற பெயருக்குக் கீழே இரண்டு பட்டன்கள் இருந்தன. ஆமாம் என்று தொடுவது பொய்தான். சென்டருக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறாள். தொட்டாள்.

"ஏறிட்டேன்," என்று அஜித்திடமிருந்து வந்தது.

பெண்கள் குளிப்பதற்குக் கிளம்ப ஆரம்பித்தார்கள். பிறகு இன்னொன்று வந்தது: "சீட்டு ரொம்ப எறக்கி வச்சிருக்காரு. எனக்கு ரோடே தெரியல. மாத்தல."

பதிலை எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தபோதுதான் திரையின் மேல் விளிம்பைப் பார்த்தாள். "அப்பா" என்ற பெயரும், அதன் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த நேரமும். பெரியண்ணன் லைனைக் கட் பண்ணாமலேயே ஃபோனைப் பையில் வைத்துவிட்டார்.

காதில் வைத்தாள். துணி உரசும் சத்தம். தூரத்தில் கேட்ட பறை அங்கே மிகப் பக்கத்தில் கேட்டது. யாரோ "பாத்து, பள்ளம்" என்றார்கள். கட் பண்ண விரலைக் கொண்டுபோனாள். முடியவில்லை.

"இன்னாடி?" என்றாள் ராணியம்மாள்.

இலக்கியா ஃபோனை அம்மாவிடம் நீட்டினாள்.

ராணியம்மாள் அதைக் காதில் வைத்தாள். முகம் மாறவில்லை. ஆண்டாள் கையைப் பிடித்து எழுப்ப, எழுந்தாள். மற்றவர்கள் தலையில் கைவைத்து அரற்றிக்கொண்டே முன்னால் போனார்கள். அவள் ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சந்தைக்குப் போகும்போது பேசிக்கொண்டே நடப்பதுபோல் மெதுவாக நடந்தாள். இலக்கியா இரண்டடி பின்னால் போனாள்.

தெருவில் பாதி தாண்டியதும் ராணியம்மாள் ஒரே ஒரு தடவை, "ம்," என்றாள்.