ராஜப்பன் பாட்டுக்கு ஒரு நாற்காலி

ராஜப்பன் யாரையும் முதுகுக்குப் பின்னால் பாடியதில்லை. மேடைக்கு நேர் முன்னால் ஒரு நாற்காலியைப் போடுவார். யாரைக் கிண்டல் செய்யப் போகிறாரோ அவர் வந்து அதில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் ஆர்மோனியத்தில் கை வைப்பார். ஆள் வராவிட்டால் அந்தப் பாட்டே கிடையாது. ஒவ்வொரு கச்சேரி முடிவிலும் தானே இறங்கி வந்து உட்கார்ந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட தன் கதையைப் பாடித் தன்னையே நாறடித்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனுசன்.

அவர் போய் ஒரு வருசமாகிறது. அவர் நினைவாகக் கடத்தூர்ப் பள்ளி மைதானத்தில் பாட்டுக் கச்சேரி. வசூலாவது முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்கு. ஏற்பாடு எல்லாம் தலைமையாசிரியை பானுமதி. மழை பெய்தால் அவர் பள்ளியில் மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் அடைந்து கிடக்கும். கூரை போட்டுத் தருவதாகப் புளி மண்டி மாதவராஜ் வாக்குக் கொடுத்திருந்தார்.

அங்கேதான் சிக்கல். ராஜப்பன் பாட்டிலேயே பேர்போனது, எடை கூட்டக் கொட்டையோடு புளி விற்ற மாதவராஜைப் பற்றியது. அவருக்குக் கோபம் வந்தால் கூரை போய்விடும். பானுமதி பயந்துவிட்டார். ராஜப்பனுக்கு இருபது வருசம் பின்பாட்டுப் பாடிய சிலம்பரசனைக் கூப்பிட்டு, “உசுரோட இருக்கறவங்க பாட்டு வேண்டாம் சிலம்பு. சேரும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்.

சிலம்பரசன் கொசுவைப் பாடினார், டவுன் பஸ்ஸைப் பாடினார், செல்போனைப் பாடினார். கைதட்டல் கல்யாண வீட்டு மொய் மாதிரி கடமைக்கு விழுந்தது. பாதிக் கூட்டம் எழுந்து போண்டாக் கடைப் பக்கம் போனது. முன்வரிசையில் மாதவராஜ் கொட்டாவி விட்டார்.

பானுமதிக்கு வெட்கமாக இருந்தது. நாக்குக்குப் பயப்படாத மனுசனுக்கு விழா எடுத்துவிட்டு, அவர் நாக்கையே அறுத்துவிட்டோமே! அலுவலக அறைக்குள் போய்த் தன் நாற்காலியைத் தூக்கி வந்தார். மேடைக்கு நேர் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

“என் பாட்டப் பாடு சிலம்பு.”

சிலம்பரசன் முகம் மலர்ந்தது.

“பத்தரை பஸ்ஸுல டீச்சர் வருவாங்க – எங்க
பானுமதி டீச்சர் வருவாங்க!
மூணு மணி பஸ்ஸு ஆரன் அடிச்சா
முடிஞ்சிது பாடம்னு போவாங்க!”

மைதானம் குலுங்கிச் சிரித்தது. போண்டாவைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார்கள். இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால், அரூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன நாளில், இதே பாட்டுக்கு மூன்று நாள் அழுதவர் பானுமதி. நாலாம் நாள் கடத்தூரிலேயே வாடகைக்கு வீடு பார்த்தார். நாலு அதிகாரிகள் மெமோ கொடுத்தும் நடக்காததை நாலு வரி செய்தது. இன்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அப்போது மாதவராஜ் எழுந்தார். ‘போச்சு கூரை’ என்று நினைத்தார் பானுமதி.

“எந்திரிங்க டீச்சர்” என்றார் மாதவராஜ். “ரெண்டு மணி நேரமா பாக்கறன், சேரயும் காணோம், நம்ம பாட்டயும் காணோம். அந்தப் பாட்டுக்கப்பறம் எம் மண்டியில கொட்டையோட ஒரு மூட்ட போனதுங்களா? ஊரு நம்பி வாங்குதுன்னா அது அவரு போட்ட சீலுங்க. கூரைக்குத் திங்கக்கிழம ஆளு வரும். இப்ப எடத்த வுடுங்க.”

உட்கார்ந்தார். புளிப் பாட்டு கிளம்பியது. அதற்குப் பிறகு அந்த நாற்காலிக்கு அடிதடி: ரேஷன் கடைக்காரர், பஸ் கண்டக்டர், பல் பிடுங்கும் டாக்டர். தன்மேல் பாட்டு இல்லாதவர்கள் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக ராஜப்பன் தன்னைப் பற்றிக் கட்டிய பாட்டு பாக்கி. நாற்காலி காலியாக இருந்தது. “பாடு சிலம்பு” என்றார் பானுமதி.

“ஆளு இல்லாம பாடக் கூடாதுங்க டீச்சர்” என்றார் சிலம்பரசன். “அவரு சட்டம்ங்க.”

மெட்டை மட்டும் ஆர்மோனியத்தில் வாசித்தார். ஊருக்கே மனப்பாடமான பாட்டு. சின்னப் பிள்ளைகள்கூட வாய் திறக்கவில்லை.