பச்சைத் தண்ணீர்

அம்மாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மகள் மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். விரிப்பு நனைந்து, ஈரம் மெத்தைவரை இறங்கியிருந்தது.

"இங்கயுமா? வீட்லதான் நாறடிக்கிறேன்னா வந்த எடத்துலயும் உன் வேலையக் காட்டணுமா?"

அம்மா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஊரார் ரத்தத்தையும் மூத்திரத்தையும் கசக்கியே ஆயுசைக் கழித்தவள்.

"பக்கெட்ட மட்டும் எடுத்து வை. கூட்ட வர்ற பொண்ணு பாக்கறதுக்குள்ள அலசிப் போட்டுர்றேன்."

"ஒண்ணும் கிழிக்க வேணாம். அசையாம உக்காரு."

குளித்துவிட்டு வந்த புருஷன் விரிப்பைப் பார்த்தான், மூக்கைச் சுளித்தான். மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஹனிமூன் வந்தவன் உலகத்திலேயே தான் ஒருத்தனாகத்தான் இருப்பான் என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் எங்கேயும் போனதில்லை. அவன் கட்டிடத்துக்குக் கம்பி கட்டுகிறவன். கீழே ஊரில் மாசக்கணக்காகப் பனிமூட்டம். கான்கிரீட் இறுகவில்லை என்று மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டான். மேலே மலை நகரத்தில் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு வெயில் அடிக்கிறதென்று யாரோ சொல்ல, கிளம்பி வந்துவிட்டார்கள். அம்மாவை வைத்துக்கொள்ளச் சொல்லித் தம்பிக்குப் போன் அடித்தாள். அவன் எடுக்கவே இல்லை.

ஏரிக்குக் கிளம்பும்போது அம்மாவை உள்ளே விட்டு அறைக் கதவை வெளியே பூட்டினாள். முந்தின நாள் அம்மா நழுவிப்போய், விடுதி நடைவழியில் குவித்திருந்த அழுக்கு விரிப்புகளின் நடுவே சம்மணமிட்டு, கறை பட்டதைத் தனியாகவும் படாததைத் தனியாகவும் பிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறைக்காரர்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். அந்த அசிங்கம் இன்னொரு தரம் வேண்டாம்.

வெளியே வெயில் முதுகில் கை வைத்தது போலிருந்தது. ஏரிக்கரைப் புல்லில் காலை நீட்டிப் படுத்தார்கள். அவன் சுட்ட சோளத்தை உதிர்த்து அவள் உள்ளங்கையில் போட்டான். கம்பி அறுத்துக் காய்த்துப்போன விரல்கள். அவற்றை இவ்வளவு நேரம் சும்மா இருக்கப் பார்த்ததே இல்லையென்று அவளுக்குத் தோன்றியது.

மத்தியானம் படகுக்கு வரிசையில் நிற்கும்போது விடுதி மேனேஜர் போனில் கூப்பிட்டான். உள்ளேயிருந்து அம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்களாம். மாற்றுச் சாவி இருக்கிறது, திறக்கட்டுமா என்று கேட்டான்.

"தொறக்காதீங்க சார். அது அப்படித்தான் தட்டும். தொறந்தா வெளிய ஓடிரும்."

புருஷன் அவள் முகத்தைப் பார்த்தான். "போயிரலாமா?"

"ஒரு நாளு," என்றாள். "ஒரே ஒரு நாளு எனக்குன்னு இருக்கட்டும்."

படகில் அவள்தான் முன்னால் உட்கார்ந்தாள். இறங்கியதும் இன்னொரு சுற்று கேட்டாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது திரும்பினார்கள். பூட்டைத் திறந்து தள்ளினால் கதவு பாதிதான் போனது. பின்னால் அம்மாவின் கால் முட்டுக்கொடுத்துக் கிடந்தது. புடவை மார்புவரை ஈரம். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

டாக்டர் வந்தார். நெஞ்சடைப்பு என்றார். இந்த வயசில் இந்தக் குளிரில் இவ்வளவு நேரம் தண்ணீரில் நிற்கலாமா, கூட யாரும் இல்லையா என்று கேட்டார். மற்றவர்கள் கண்ணில் படாமல் பின்படி வழியாக உடலை இறக்கிவிடுங்கள் என்று மேனேஜர் புருஷனிடம் கிசுகிசுத்தான். அவன் வண்டி பிடிக்கப் போனான்.

குளியலறையில் கீசரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாளி நிறையத் தண்ணீர். மகள் விரலை விட்டாள். ஐஸ். வெந்நீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில்தான் போகும் என்று சலவைக்கூடத்தில் அம்மா படித்த பாடம். குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டும் இடத்திலும் அம்மா பச்சைத் தண்ணீரில்தான் கசக்கியிருக்கிறாள்.

அறை கூட்டுகிறவள் தயங்கி உள்ளே வந்தாள்.

"சோப்புக்குத்தான தட்டுச்சு?" என்று மகள் அவளிடம் கேட்டாள்.

"சோப்பு காலைல கேட்டாங்கக்கா. கதவுக்கு அடியில தள்ளி விட்டேன். பூ மாதிரி வெளுத்துத் தர்றேன்னு சிரிச்சாங்க."

"அப்ப, மத்தியானம்?"

கூட்டுகிறவள் அம்மாவின் பக்கம் பார்த்தாள். பிறகு பால்கனிக்குப் போனாள். கம்பியில் விரிப்பு தொங்கியது, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல்.

அம்மாவின் மேல் போர்த்த அதைக் கொடு என்று மகள் கை நீட்டினாள். விடுதி விரிப்பு, கொடுத்தால் தன்னைத்தான் கேட்பார்கள் என்று அந்தப் பெண் தலைகுனிந்தாள். பிறகு மெதுவாக, "அந்த நுனியப் புடிங்கக்கா, ஒருத்தியா மடிக்க முடியாது" என்றாள்.

மகள் இரண்டு நுனிகளைப் பிடித்துக்கொண்டாள். உதறி, நீளவாக்கில் மடித்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்தார்கள். கறை இருந்த இடம் எதுவென்று தெரியவில்லை. துணியில் வெயிலின் சூடு இன்னும் போகாமல் இருந்தது.