லெந்துக்கு மீன் கேட்டவள்

“அம்மா, இந்த லெந்துக்கு மீன் வேணும். நாப்பது நாளும்.”

தேங்காய் துருவிக்கொண்டிருந்த ரத்னாபாயின் கை அப்படியே நின்றது. மறுநாள் சாம்பல் புதன், ஈஸ்டர் வரைக்குமான நாற்பது நாள் லெந்து நோன்பு தொடங்கும் நாள். அடுப்பில் மண்சட்டியில் கடைசிச் சாளை மீன் கறி கொதித்துக்கொண்டிருந்தது. லெந்து காலத்தில் மீன் என்று வாய் திறக்கக் கூடாது, மீன்காரி வாசலில் கூவினால் திரும்பிப் பார்ப்பதும் கூடாது என்று லிபிக்கு ஆறு வயதிலிருந்தே சொல்லி வைத்திருக்கிறது. இப்போது இருபத்து நான்கு வயதில், அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறி இறங்கியவள், சமையலறை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்று கேட்கிறாள்.

“வாயக் கழுவு மோளே. அப்பா கேட்டா என்ன நெனப்பாரு?”

“அவரு கேக்கத்தான் இவ்வளவு சத்தமா சொல்லுதேன்.”

முன்னறையில் இருந்த தங்கையனுக்குக் கேட்டுவிட்டது. பழவங்காடி பக்கம் ஒரு சைவ ஹோட்டலில் சமையல்காரர் அவர். பகல் முழுக்கக் கரண்டி பிடித்த கை வீட்டில் கரண்டி பிடிக்காது என்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் வைத்த சட்டம். கரமனையில் இருக்கும் வீட்டுக்கு பஸ் பிடித்து வந்தால் நாற்காலி, மேசை, முன்னால் தட்டு.

“டிகிரி எடுத்தா லெந்து மறந்துபோவுமாடீ?”

“மறக்கல்ல. ஒண்ணு கேக்கேன், நீங்க தொழில் தெரிஞ்ச ஆளு. நாலு பேருக்கு ஒரு தீயல், ஒரு தோரன், ஒரு புளிசேரி. அரிஞ்சு, அரைச்சு, தாளிச்சு இறக்க எவ்வளவு நேரம் ஆவும்?”

தொழிலைப் பற்றிக் கேட்டால் தங்கையனுக்குப் பொய் வராது. “ஒத்தைக்கு நின்னா ஒண்ணரை மணிக்கூர். தீயலுக்குத் தேங்கா வறுக்கவே நேரம் போவும். அவசரப்பட்டா கரிஞ்சிரும்.”

“சாளைக் கறி?”

“அதென்ன, கூட்டி வச்சா இருபது மினிட்டு. மறுநாளைக்கும் இருக்கும்.”

சொல்லி முடித்த பிறகுதான் மகள் தன்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. போனை நோண்டிக்கொண்டிருந்த அண்ணன் சஜி சிரித்துவிட்டான்.

“நீ சிரிக்காத. மீன் இல்லன்னா ரெண்டு கறி இல்லாம சோறு எறங்காதுன்னு சொல்லுதவன் நீதானே?”

அந்த வீட்டில் லெந்து என்றால் ஒரு சட்டி போய் மூன்று சட்டி வருவது. மற்ற நாட்களில் ஐந்து மணிக்கு எழும்புகிற ரத்னாபாய் அந்த நாற்பது நாளும் நாலு மணிக்கு எழும்பினாள். இரண்டு தெரு தள்ளி, காலை ஐந்தரைக்கு லெந்து ஜெபத்துக்குச் சபையில் மணியடிக்கும்போது அவள் கையில் உலக்கையோ துருவலோ இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவள் போனதில்லை. போக ஆசை என்று யாரிடமும் சொன்னதுமில்லை.

லிபி உள்ளே போய் அம்மாவின் வேதாகமத்துக்குள்ளிருந்து நாலு சீட்டுகளை எடுத்து வந்து மேசையில் போட்டாள். வருஷாவருஷம் லெந்துக்கு முன் சபையில் கொடுத்து, ஈஸ்டருக்குத் திருப்பித் தருகிற சீட்டுகள். ‘விடுவது’ என்ற இடத்தில் நாலிலும் ‘மீன்’. ‘எடுத்துக்கொள்வது’ என்ற இடத்தில் நாலிலும் ‘காலை ஜெபம்’ என்று எழுதி, அதன்மேல் ஒரு கோடு.

“அத ஏன் எடுத்தே?” ரத்னாபாயின் முகம் சிவந்துவிட்டது.

தங்கையன் நாலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கிட்ட சொல்லல்லியே நீ.”

“சொன்னா போன்னு சொல்லுவீங்க. பின்னே ஏழு மணிக்கு உங்களுக்கு ஆரு எடுத்து வைப்பா?”

தங்கையன் சீட்டுகளை மேசையில் போட்டார். குற்றம் தன் பக்கம் திரும்பினால் அவருக்கு எரிச்சல் வரும். “அதுக்கு மீன் எதுக்கு? மீன விட்டுட்டு விருந்து தின்னுன்னா எழுதியிருக்கு? நோம்புன்னா பழங்கஞ்சி. ராத்திரி சோத்துல வெள்ளம் ஊத்தி வச்சா மதி, அதுவே போதும். அடுப்பே வேண்டாம்.”

“ஆருக்கு மதி?”

“எல்லாருக்கும்தான்!”

“செரி. பேச்சு மாறப்பிடாது.”

இரண்டாவது தடவையும் மாட்டிக்கொண்டார். ஆனால் மகளை அறியாதவரா? “உன் ஆபீஸ் டப்பாவிலயும் அதுதானே?”

லிபி மேசையில் கிடந்த சீட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

ஆபீசில் மத்தியானம் ஆதிராவும் ஷில்பாவும் அவள் டப்பாவுக்காகக் காத்திருப்பார்கள். லெந்து வந்தால் தீயல் வரும் என்று அவர்களுக்கும் தெரியும். அப்பா என்ன வேலை என்று அந்த மேசையில் அவள் சொன்னதில்லை. டப்பா திறக்கும் அந்த அரைமணி நேரம் அவள் யாருக்கும் குறைந்தவள் இல்லை. எட்டு மணிக்குச் சூடாகக் கையில் வாங்கிய அந்த டப்பாவுக்காக அம்மா எத்தனை மணிக்கு எழும்பினாள் என்று அவளும்தான் கேட்கவில்லை. அவள் கோபம் எப்போதும் எதிரில் நிற்பவர்மேல் பாயும். இப்போது அது பாய வேண்டிய இடத்தில் அவளே நின்றாள்.

“அவளுக்கு மட்டும் நான் ஒரு தீயல்…” என்று தொடங்கினாள் ரத்னாபாய்.

“அம்மா, மிண்டாத, சும்மா இரு. எனக்கும் அதுதான்.”

“அதோட கோபத்தையும் விடுதேன்னு எழுது,” என்றார் தங்கையன். “சபையே சந்தோஷப்படும்.”

“அத விட்டா இந்த வீட்டில ஆரு கேப்பா?”

முதலில் சிரித்தது ரத்னாபாய்தான். சிரித்துக்கொண்டே புதுச் சீட்டை எடுத்து எழுதினாள். இந்தத் தடவை ‘காலை ஜெபம்’ என்பதன்மேல் கோடு போடவில்லை. பிறகு எல்லாரும் உட்கார்ந்து கடைசிச் சாளைக் கறியைச் சட்டி தெரிய வழித்துச் சாப்பிட்டார்கள்.

காலையில் மணியடிக்கும்போது ரத்னாபாய் வெளுத்த சேலையில் வாசலில் நின்றாள். சும்மா இருக்கிற கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை அவளுக்கு. “உள்ளி கூடையில இருக்கு, தயிரு…”

“எல்லாம் கண்டுபிடிச்சுக்கிடுவோம். போம்மா.”

ஏழு மணிக்குத் தங்கையன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தட்டு வரவில்லை. கொஞ்ச நேரம் சமையலறையையே பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சின்ன உள்ளியும் காந்தாரி மிளகாயும் எடுத்து, கல்லில் வைத்து ஒரே அடியில் நசுக்கி, நாலு கஞ்சிப் பாத்திரத்திலும் பகிர்ந்து போட்டார். “இது சமையல் இல்ல, கேட்டியா,” என்றார்.

“இல்லவே இல்ல,” என்றாள் லிபி.

ரத்னாபாய் பாடித் தொண்டை கட்டித் திரும்பி வந்தாள். தங்கையன் தன் நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். “இரி. குடி.” அவள் உட்கார்ந்து, முதல் வாய்க் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். காரமோ என்னமோ.

லிபி டப்பாவை மூடினாள். சஜி சும்மா இருப்பானா? “ஷில்பா தீயல் கேட்டா என்ன சொல்லுவே?”

“எங்க அப்பா ஹோட்டல்ல சமையல்காரரு, அவரு கையால நசுக்கின காந்தாரி, வேணுமான்னு கேப்பேன்.”

தங்கையன் தலை நிமிர்ந்தார். அதற்குள் அவள், கஞ்சி சிந்தாதபடி டப்பாவை நேராக நிறுத்திய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியிறங்கி பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தாள்.