நாலு மாசமாக வந்தவள்

செல்லத்தாய்க்கு மாதத்தில் இருபது நாள் உதிரம் நிற்கவில்லை. ஒத்தக்கடையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து, மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்ப்பவள். இப்படியே போய் நாலாவது மாதம் மிஷின் ஓரத்தில் கண் இருட்டிச் சரிந்தபோது, பக்கத்து மிஷின் ரெங்கம்மாள்தான் தாங்கிப் பிடித்தாள்.

"சம்பளத்துல மாசாமாசம் இன்சூரன்ஸுக்குப் பிடிக்கிறான்ல. டிஸ்பென்சரிக்குப் போ" என்றாள்.

"மூணு தடவை போயாச்சு."

மில் தொழிலாளர்களுக்கான அந்த இன்சூரன்ஸ் டிஸ்பென்சரியில் டாக்டர் ஆண். மேஜைக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு திரைகூடக் கிடையாது. முதுகுக்குப் பின்னால் முப்பது ஆண்கள் இன்சூரன்ஸ் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். டாக்டர் நிமிராமலே "என்ன?" என்பார். செல்லத்தாய் பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்ப்பாள். "அசதியா இருக்குங்க சார்" என்பாள். சிவப்பு டானிக்கும் சத்து மாத்திரையும் கிடைக்கும். மூன்று தடவையும் அதேதான்.

"செவ்வாக்கிழமை லேடி டாக்டர் வருவாங்க. வாசல் போர்டுலயே போட்டிருக்கு" என்றாள் ரெங்கம்மாள்.

செல்லத்தாய் மேஸ்திரியிடம் கெஞ்சி ஷிப்டை மாற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமை போனாள். கார்டை வாங்கிப் பார்த்த கிளார்க் லட்சுமிநாராயணன் அதைத் திருப்பி நீட்டினார்.

"லேடி டாக்டர் மாற்றலாகி ரெண்டு மாசம் ஆச்சும்மா. புதுசா யாரையும் போடல."

"போர்டுல இருக்கேங்கய்யா?"

"போர்டை எடுக்கிறது என் வேலை இல்ல."

கார்டை ஏற்றுக்கொள்ளும் வேறு பெண் டாக்டர் இருக்கிறாரா என்று செல்லத்தாய் மில் வாசலிலும் பஸ்ஸிலும் விசாரித்தாள். செல்லூரில் பத்மாசினி டாக்டரின் பெயர் இன்சூரன்ஸ் பட்டியலில் உண்டு என்று யாரோ சொன்னார்கள். தறிச் சத்தம் காதை அடைக்கும் சந்துகளில் ஒரு மணி நேரம் வழி கேட்டு அலைந்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள்.

பத்மாசினி வயதான சௌராஷ்டிரப் பெண்மணி. கார்டைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"அந்தப் பட்டியல்லேர்ந்து நான் விலகி ஒரு வருஷம் ஆச்சும்மா. உங்க ஆபீஸ்ல இன்னும் என் பேரைச் சொல்லிக்கிட்டு இருக்காங்களா?"

செல்லத்தாய் எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் உட்காரச் சொல்லி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாலைந்து கேள்விகள் கேட்டார். வேறு யாரும் இல்லாத அறை என்பதால் செல்லத்தாய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"உடம்புல ரத்தமே இல்ல. டானிக்ல தீர்ற விஷயம் இல்ல இது. பெரிய ஆஸ்பத்திரியில சேர்ந்தாகணும்."

"நீங்களே ஒரு சீட்டு எழுதிக் குடுங்க டாக்டரம்மா."

"நான் எழுதினா அங்க செல்லாது. டிஸ்பென்சரி டாக்டர்தான் எழுதணும். கேட்டு வாங்கு. விடாதே."

அன்று அவள் வீடு திரும்பியதும், வயலிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்த புருசன் கருத்தக்கண்ணன் "என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். "சீட்டு வாங்கணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் மறுபடியும் டிஸ்பென்சரி. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு என்றதும் லட்சுமிநாராயணன் பேனாவை மூடினார்.

"பொம்பளைங்க கேஸா? லேடி டாக்டர் பாத்துட்டுத்தான் சீட்டு குடுக்கணும். அதான் ரூல்."

"லேடி டாக்டர்தான் இல்லேங்கிறீங்களே."

"வந்ததும் வாங்க."

"எப்ப வருவாங்க?"

"அதை மெட்ராஸ்ல கேக்கணும்."

செல்லத்தாய் கார்டை எடுத்துக்கொண்டாள். பிறகு அவரைத் தாண்டி நேராக டாக்டரின் மேஜைக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவளுடைய மில்காரர்களே அதில் பத்துப் பேர் இருந்தார்கள்.

"சார், எனக்கு அசதி இல்ல. நாலு மாசமா தீட்டு நிக்கல. கட்டி கட்டியா விழுகுது. நேத்து பஸ்ல சேலை நனைஞ்சு, எந்திரிக்க முடியாம ரெண்டு ஸ்டாப் தள்ளிப் போய் எறங்குனேன். இன்னும் எம்புட்டு நாளைக்கு டானிக் குடிக்கணும், சொல்லுங்க."

வரிசையில் சிலர் தரையைப் பார்த்தார்கள். டாக்டர் முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் எரிச்சலோடு.

"எங்க வச்சு சொல்ல, சார்?"

அவர் காகிதத்தை இழுத்து இரண்டு வரி கிறுக்கி, முத்திரை குத்திக் கொடுத்தார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாசலுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. இந்த ஒரு நிமிட வேலைக்கா இத்தனை அலைச்சல் என்று ஆத்திரமாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் திரை இருந்தது, பெண் டாக்டரும் இருந்தார். சோதித்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி என்றார். முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும், பிறகு ஆபரேஷன்.

"ஏம்மா, இவ்வளவு நாளா கவனிக்காம விட்ட?" என்று கேட்டுக்கொண்டே ஏதோ எழுதினார்.

"என்னம்மா எழுதுறீங்க?"

"நாலு மாசமா கவனிக்காம விட்டதா எழுதுறேன்."

"நான் விடலம்மா. நாலு மாசமா வந்துக்கிட்டுதான் இருந்தேன். அதை எழுதுங்க."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். செல்லத்தாய் டானிக்கிலிருந்து செல்லூர் வரை ஒன்று விடாமல் சொன்னாள். வெளியே ஆட்கள் காத்திருந்தும் அந்தம்மா இடைமறிக்கவில்லை. கடைசியில் எழுதியதை அடித்துவிட்டு, வேறு வரி எழுதினார். எழுதியதைத் தமிழில் வாசித்தும் காட்டினார்.

கருத்தக்கண்ணனும் அவன் தம்பியும் ரத்தம் கொடுத்தார்கள். ஆடி கடைசியில் ஆபரேஷன் நடந்தது. ஐப்பசியில் செல்லத்தாய் வேலைக்குத் திரும்பினாள். டிஸ்பென்சரிக்கு அப்போதும் லேடி டாக்டர் வந்திருக்கவில்லை.