நாண் அறுந்த மதியக் கொடை

“உங்க வில்ல இழுத்து வாசிப்பாங்களா, அடிச்சு வாசிப்பாங்களா?” என்று ஒன்பதாம் வகுப்பில் ஞானம்பாள் டீச்சர் கேட்டார். எழுந்து நின்றேன், வகுப்பே சிரித்தது. அந்த வருடமே பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன்.

வில்லுப்பாட்டில் வில்லை அடித்துத்தான் வாசிப்போம். இரண்டு ஆள் நீளமுள்ள பனங்கம்பை வளைத்துத் தோல் நாணைக் கட்டுவோம். முனைகளில் குப்பி என்கிற வெண்கலப் பூண், வில்லின் உடம்பெல்லாம் மணி. வளைவை மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டிப் படுக்கப் போட்டால் நாண் மேலே விறைத்து நிற்கும். பாடுகிறவர் வீசுகோல்களால் அதில் அடிப்பார். நாணை அவிழ்க்கும்போது இரண்டு பேர் வில்லை அமுக்கிப் பிடிக்க வேண்டும். முனைக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகக் கூடாது.

எங்கள் குழுவில் பாடுவது என் அக்கா விஜயஸ்ரீ. குடம் சுடலைக்கண்ணு அண்ணாச்சி. நான் ஜால்ரா. அக்கா நாலு பேர் முன்னால் உட்கார்ந்து பாடுவது அவள் புருஷன் நடராஜ் அத்தானுக்குப் பிடிக்காது. போன பங்குனியில் அவளுடைய இடது கையை நிலையில் வைத்துக் கதவைச் சாத்தினார். இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. இனி வில்லில் உட்கார்ந்தால் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அக்கா அதற்குப் பிறகும் சேரன்மகாதேவிக் கோயில் கொடைக்குப் பாட ஒப்புக்கொண்டு வெற்றிலை வாங்கிவிட்டாள்.

மதியக் கொடை. வஞ்சகமாக வெட்டுப்பட்டுச் செத்துச் சாமியானவனின் கதை. வெட்டுகிற இடம் வந்தால் சாமியாடி அரிவாளோடு ஆடி வருவார். கூட்டம் அதற்காகத்தான் காத்திருக்கும். அதனால் பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒருவர் அரிவாளோடு வந்தபோது யாரும் தடுக்கவில்லை. விலகி வழிவிட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு பெரியவர் காலில் விழுந்தார். அவரை மிதித்துக்கொண்டு வந்தது அத்தான்.

முதல் வெட்டை அக்காவின் வலது கையைப் பார்த்து ஓங்கினார். அண்ணாச்சி குறுக்கே விழுந்தார். அவர் தோள் பிளந்து, ரத்தம் என் பாவாடையில் தெறித்தது. அப்போதும் குலவை நிற்கவில்லை. அத்தான் சிரித்துக்கொண்டே வில்லின் முனைப்பக்கம் போய்க் குத்தவைத்து, நாணின் முடிச்சில் அரிவாளை வைத்தார்.

“அங்கன இருக்காதீங்க. தள்ளி வாங்க,” என்றாள் அக்கா.

“பயமா இருக்கோ? நல்லாக் கெஞ்சுடீ.”

அறுத்தார். வில் ஒரே உதறலில் நிமிர்ந்தது. குப்பி அவர் தாடையில் இறங்கியது. விறகு முறிகிற மாதிரிச் சத்தம். பல்லும் ரத்தமும் பாயில் விழுந்தன.

கதையைத் தொடங்கினால் முடிவில் வாழ்த்தாக வாழி பாடாமல் எழுந்திருக்கக் கூடாது. அரைகுறையாக விட்டால் ஊருக்கு ஆகாது என்று கோயில்காரர்கள் கைகூப்பினார்கள். அக்கா அண்ணாச்சியின் தோளைத் துண்டால் இறுகக் கட்டினாள். பிறகு குடத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் தட்டி, வெட்டுப்படுகிற கட்டத்தையும் வாழியையும் பாடி முடித்தாள். குரல் நடுங்கவில்லை. இடையிடையே அத்தான் முனகுவது கேட்டது.

கோயில் வாசலுக்கு அத்தானை ஏற்றிப்போக ஆட்டோ வந்தது. அண்ணாச்சியை அதற்கு முன்பே வேறொரு வண்டியில் அனுப்பியிருந்தோம். அத்தானின் அம்மா ஆட்டோவுக்குள் ஒதுங்கி இடம் விட்டாள்.

“ஏறு விஜயா. ஆசுபத்திரில பொஞ்சாதின்னு ஒருத்தி பக்கத்துல நிக்கணும்லா?”

வாயில் துண்டை அழுத்திக்கொண்டு அத்தானும் அவளைப் பார்த்தார். அக்கா வீசுகோல்களைப் பைக்குள் வைத்தாள். செருப்பை மாட்டினாள். ஆட்டோவைத் தாண்டி, பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போனாள்.