கொடு, கூடாது

கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்த மூன்றாம் நாள், மூளை செத்துவிட்டது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நெஞ்சு மட்டும் இயந்திரத்தின் தயவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சிறுநீரகம், ஈரல், கண் எல்லாம் கொடுக்கலாம் என்று வீடே அழுதபடி ஒத்துக்கொண்டது. அடுத்ததாக டாக்டரம்மா கேட்டதுதான் யாரும் எதிர்பாராதது.

"ரெண்டு கையும் வேணும். மெஷின்ல கை போன ஒருத்தருக்கு. இந்த ஊர்ல இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல. எங்களுக்கும் இதுதான் முதல் தடவை. கண்டிப்பா சேரும்னு சொல்ல முடியாது."

பதில் சொல்ல வேண்டியவள் கொத்தனாரின் மனைவி. பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே இடுப்பு விட்டுப்போன தையற்காரி. வாயும் கத்தரிதான். அன்றைக்கு அந்தக் கத்தரி வெட்டவில்லை. கணவரின் அண்ணன்தான் முந்திக்கொண்டார்.

"உள்ள இருக்கறது போனா யாருக்குத் தெரியப்போகுது? கையில்லாம அவன் எப்படிம்மா மேல போவான்?"

அவள் எழுந்து கோயிலுக்குப் போனாள். அங்கே வழிபாடு நடத்தும் பெரியவர், அவள் சொன்னதைக் கேட்டுத் தாடையைத் தடவினார்.

"யாரும் என்கிட்ட இப்படிக் கேட்டதில்லம்மா. முன்னோர் சொல்லிவச்சதுலயும் இதுக்கு வழி இல்ல. தெரியாததைத் தெரியும்னு சொன்னா தப்பு. கடவுளையே கேட்டுப் பாரு."

கேட்டாள். முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சண்டைக்காரனிடம் கேட்பதுபோல் கேட்டாள். ஆமான்னா ஆமாம், இல்லன்னா இல்ல, என்னை ரெண்டுங்கெட்டானா நிக்க வைக்காதே. மேலே மின்விசிறி கடகடத்தது. புருஷனைக் கூட்டிக்கொண்டு போகத் தெரிந்தவருக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னாலேயே மாமியாரை அழைத்துக்கொண்டு அண்ணனும் வந்துசேர்ந்தார். "சீட்டுப் போட்டுப் பாத்துடுவோம். இங்க போடற சீட்டு பொய்க்காது," என்றார். ஒரு துண்டில் 'கொடு', இன்னொன்றில் 'கூடாது' என்று எழுதி மடித்தார். அவளும் தலையாட்டினாள். பாரம் தன் கழுத்திலிருந்து இறங்கினால் போதும் என்றிருந்தது.

மாமியார் எடுத்தார். 'கூடாது' என்று வந்தது.

மற்றதையும் அவள் பிரித்துப் பார்த்தாள். 'கொடு' என்றே இருந்தது. கள்ளம் ஒன்றுமில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு அவளை அறியாமல் வெளியே வந்தது. அந்த மூச்சுதான் அவளைச் சுட்டது. இனி நான் யோசிக்க வேண்டாம், பழியும் எனக்கில்லை என்ற நிம்மதி. இந்த நிம்மதிக்காகவா இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று கூசினாள். கணவரின் கைகள் சும்மா இருக்கத் தெரியாதவை. தூங்கும்போதுகூட விரல்கள் எதையோ பூசிக்கொண்டிருக்கும். அவற்றை மண்ணுக்குக் கொடுப்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதுமா?

சீட்டு இரண்டையும் கிழித்தாள்.

"மாமா, சீட்டு சரியாத்தான் விழுந்திருக்கு. நான்தான் அது பேச்சக் கேக்கப்போறதில்ல."

"கடவுள் பேச்சையே மீறுறியா?"

"அவர எடுக்கறப்போ கடவுள் என்னைக் கேக்கல. குடுக்கறப்போ நானும் அவரக் கேக்க வேண்டியதில்ல. பாவம்னா என் தலையில விடியட்டும்."

"கையில்லாம..."

"கால் இருக்குல்ல. நடந்து போவாரு."

அண்ணன் தன் தாயைப் பார்த்தார், கிழவி தடுப்பாள் என்று. கிழவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கொடுக்கறதுக்கு முன்னாடி நான் ஒருதடவை புடிச்சுக்கறேன்," என்றாள்.

அன்று சாயங்காலம் தாய் இடது கையையும் மனைவி வலது கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிமெண்ட் அரித்த விரல்நுனிகள். கை வெதுவெதுப்பாகவே இருந்தது. அந்த வெதுவெதுப்பு மாறுவதற்குள் அவள் கையெழுத்துப் போட்டாள்.

அடக்கத்தின்போது, ஆஸ்பத்திரியில் பொருத்தி அனுப்பிய மரக்கைகளின் மேல் முழுக்கைச் சட்டை போர்த்தியிருந்தது. அவளே தைத்தது. அண்ணன் வந்தார், ஆனால் தோள் கொடுக்கவில்லை. கையை விற்றுவிட்டாள் என்றுகூடப் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சில மாதம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார். வலது கை சேர்ந்துவிட்டது. இடது கையை உடம்பு ஏற்கவில்லை, எடுத்துவிட்டார்கள். மாமியார் பிடித்திருந்த கை. இரண்டு பெண்களும் சேர்ந்து அழுதார்கள். இன்னொரு சாவைப் போலத்தான் இருந்தது.

சேதி எட்டியதும் அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். "அப்பவே சொல்லுச்சுல்ல சீட்டு?"

அவள் தையல் மெஷினை நிறுத்தவில்லை. "வலது கைக்கு அது தெரியல போலிருக்கு மாமா. அந்த ஆளு இப்போ தன் வீட்டுக் கதவத் தானே தொறக்கறாராம்."

"இவ்வளவு பண்ணிட்டு எந்த முகத்தோட இன்னும் கோயிலுக்குப் போற?"

"இந்த முகத்தோடதான். முன்வரிசையிலதான் உக்கார்றேன். நான் ஒண்ணும் கேக்கறதில்ல. கடவுளுக்கு என்கிட்ட ஏதாவது கேக்கணும்னா கேக்கட்டும்."